நான் இறந்துபோன விளம்பரம்

மகனே,

நான் இறந்துபோனது எனக்குப் போன வாரம் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குத்தான் தெரிந்தது. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். நீ பார்சல் போடப் போயிருந்தாய். உன் மனைவி வித்யா மாடியில் வடகத்தைப் புரட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். வாசல் மணி அடித்தது. ஈரக் கையோடு போய்க் கதவைத் திறந்தால், கான்வென்டில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த ரெஜினா நிற்கிறாள். சீர்காழியிலிருந்து இரண்டு பஸ் மாறி, வலிக்கிற முழங்காலோடு திருப்பனந்தாள் வரைக்கும் வந்திருக்கிறாள். வெள்ளைப் புடவை. கையில் வாழையிலையில் சுற்றிய ரோஜா மாலை. என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்த விதத்தைச் சாகும்வரை மறக்க மாட்டேன். இப்படி எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

"நீ போய்ட்டேன்னு போட்டிருந்துச்சேடி," என்றாள்.

"எங்க போய்ட்டேன்னு?"

"எங்கன்னு கேக்குறியே. இந்த வயசுல எங்கன்னு நான் சொல்லணுமா?"

சிலுவை போட்டுக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, பேத்தி அனுப்பியது என்று சொல்லித் தன் போனை எடுத்து நீட்டினாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். நீ வடகம் விற்கிற பக்கத்தில் போட்ட விளம்பரம். போஸ்ட் ஆபீசிலிருந்து நான் ஓய்வு பெற்ற அன்று ஊழியர்கள் போட்ட சம்பங்கி மாலையோடு எடுத்த படம். அந்தப் படத்தில் என்னைச் சுற்றி ஒன்பது பேர் நிற்பார்கள். ஒன்பது பேரையும் வெட்டி எறிந்துவிட்டு, மாலையும் கழுத்துமாக என்னை மட்டும் வைத்திருந்தாய். கீழே ஒரு குத்துவிளக்கு எரிகிறது. பின்னால் புல்லாங்குழல் அழுகிறது. "அம்மா விட்டுச்சென்ற கைப்பக்குவம். ஒவ்வொரு உருண்டையும் அவர் நினைவாக." அதற்கும் கீழே, நான் முன்பின் பார்த்திராத மனிதர்கள் வரிசையாக வந்து கண்ணீர் வடித்திருந்தார்கள். அம்மாவின் முகத்திலேயே அன்பு தெரிகிறது என்று சேலத்திலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள். முப்பத்தாறு வருடம் என்னிடம் வேலை பார்த்தவர்கள் ஒருவர்கூட என் முகத்தில் அப்படி ஒன்றைக் கண்டதாகச் சொன்னதில்லை.

எனக்குக் கோபம் உடனே வரவில்லை. காலுக்குக் கீழே ஒரு படி குறைந்ததுபோல இருந்தது. ரெஜினாதான் முதலில் தேறினாள். "இந்த மாலைய மறுபடி பஸ்ஸுல தூக்கிட்டுப் போக முடியாதுடி. சாமிக்குப் போட்டுடு," என்றாள். எங்கள் சாமிக்கா உங்கள் சாமிக்கா என்று கேட்டேன். "யாரு அட்ஜஸ்ட் பண்ணிப்பாரோ அவருக்கு," என்றாள். சிரித்தோம். கடைசியில் அதை உன் அப்பாவின் படத்துக்குப் போட்டோம். என் பெயருக்கு வந்த மாலை உரியவருக்குத்தான் போனது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அது பிறகு தோன்றியது.

சாப்பிட உட்கார்ந்தாள். மோர்க்குழம்பில் தாளித்த வடகத்தின் வாசனை வந்ததும் மூச்சை இழுத்து, "என்ன இருந்தாலும் உன் கை வடகம் மாதிரி வராதுடி. முப்பது வருஷமா தின்னுருக்கேன்ல," என்றாள். நான் இன்னொரு கரண்டி ஊற்றினேன். அவ்வளவுதான் செய்தேன். அதை நினைவில் வைத்துக்கொள்; திரும்ப வருவேன்.

சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பையை எடுத்துக்கொண்டு ரெஜினா ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலைத் தாண்டி நடந்தாள். துக்கம் கேட்க வந்த வீட்டில் போய்ட்டு வரேன் என்று சொல்லக் கூடாதல்லவா. சொன்னால் மறுபடியும் ஒரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். யார் எந்தக் கோவிலுக்குப் போனாலும் இந்தப் பக்கத்தில் அந்தப் பழக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். கேட் வரை போனவள் நின்றாள். தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். "பாரேன், நீ உசுரோட நிக்கிற, நான் பாட்டுக்குச் சொல்லாம போறேன். போய்ட்டு வரேண்டி. நல்லா இரு," என்றாள். அவள் தெருத் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாவுச் செய்தி என்பது எனக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. இந்த ஊரில் தந்தி இருந்த காலம் முழுக்க அது என் கை வழியாகத்தான் வந்தது. காகிதத்தை நீட்டும் முன்பே வாங்குகிறவர் முகம் எனக்குத் தெரியும். பட்டாளத்தில் இருக்கும் மகனுக்கு லீவு வாங்க, அம்மா கவலைக்கிடம், உடனே புறப்படு என்று பொய்த் தந்தி அடிக்க வருவார்கள். அந்த அம்மாவே வெற்றிலை மென்றுகொண்டு வெளியே நிற்பாள். டாக்டர் சீட்டு இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கல் நெஞ்சுக்காரி என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அப்படிப்பட்டவளை நீ கவலைக்கிடம்கூட ஆக்காமல் நேரே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாய்.

நீ வந்ததும் கேட்டது எல்லாம் உனக்கு நினைவிருக்கும். ஆனால் நீ நினைவு வைத்திருப்பதும் நான் வைத்திருப்பதும் ஒன்றாக இருக்காது. அதனால் எழுதி வைக்கிறேன்.

"விளக்கு எதுக்குடா?" என்று கேட்டேன்.

"லைட்டிங்குக்கும்மா."

"புல்லாங்குழல்?"

"செத்துட்டாங்கன்னு நான் எங்கயும் எழுதலம்மா," என்றாய்.

"எழுதாம சாகடிச்சிருக்க. அதுக்கு ஒரு கிளாஸ் வேற போய்ப் படிச்ச."

ஆன்லைனில் உனக்கு மார்க்கெட்டிங் சொல்லிக்கொடுக்கிற அந்த மனிதரைத்தான் சொன்னேன். பொருள் விற்காது, கதைதான் விற்கும் என்று அவர் சொன்னதாக நீ முன்பே ஒருநாள் சொல்லியிருக்கிறாய். கதையென்றால் இதுதானா என்று கத்தினேன். உன் மகள் யாழினி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்போதுதான் நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். குரலை உயர்த்தாமல் சொன்னாய், அதுதான் அடி.

"மொதல்ல அப்பா கதையத்தான்மா போட்டேன். எங்கப்பா மாடியில உக்காந்து உருட்டுவாருன்னு. உங்க தங்கச்சிதான் கீழ வந்து எழுதினாங்க. ஏம்ப்பா பொய் சொல்ற, அது உங்கம்மா செய்யற வடகம், நாங்க சாப்பிட்டு வளந்தவங்கன்னு. சொந்தக்காரங்க எல்லாரும் வந்து ஆமாம்னாங்க. மத்தவங்க, விக்கறதுக்காக அப்பாவ வச்சுக் கதை கட்டறான்னு திட்டினாங்க. நான் யாரப் பொய்னு சொல்றது? சித்தியவா? உங்களயா?"

நீ சாவியை எடுத்தாய். வித்யாவும் குழந்தையும் காரில் ஏறினார்கள். வண்டி தஞ்சாவூருக்கு, வித்யாவின் பிறந்த வீட்டுக்குப் போனது. யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. மத்தியானம் ரெஜினா சொல்லாமல் இறங்கிப் போன அதே வாசல்படி. ஆனால் நீ கேட் அருகே நின்று திரும்பவில்லை.

இது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. இந்த ஒன்பது நாளில் நான் உன்மேல் போட்ட வழக்கை நானே எத்தனை முறை எடுத்து வாசித்தேன் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் குற்றவாளிக் கூண்டில் கொஞ்சம் இடம் விட்டு இன்னொருத்தி நிற்கிறாள்.

கத்தாரில் உன் கம்பெனி மூடி, மூன்று பேரும் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று நான் உன்னிடம் கேட்ட முதல் கேள்வி, தெருவில் யாராவது பார்த்தார்களா என்பது. கேட்டவர்களிடமெல்லாம் லீவில் வந்திருக்கிறான் என்றேன். பொங்கல் போய், பங்குனி போய், அடுத்த பொங்கலும் வந்தது. லீவு முடியவில்லை. எதிர்வீட்டுச் சபியா, அவள் வீட்டுக்காரர் இருபது வருடம் துபாயில் இருந்தவர், ஒருநாள் நேராகவே கேட்டாள்: "அந்தக் கம்பெனியில எங்க பெரியவனுக்கும் ஒரு வேலை பாத்துக் குடுக்கச் சொல்லுங்கக்கா. இப்படி லீவு குடுக்கற கம்பெனிய நான் கேள்விப்பட்டதே இல்ல." நான் சிரிக்காமல் உள்ளே வந்துவிட்டேன். நீ மாடி அறையில் ஒலி கேட்காமல் போன் பேசப் பழகிக்கொண்டாய். என்னை நீ படத்தில் சாகடிப்பதற்கு முன்பே உன்னை நான் வீட்டுக்குள் வைத்து மறைத்துவிட்டேன் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

அந்த அறையிலிருந்து நீ எழுந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்று உன்னிடம் சொன்னதில்லை. மூன்று கால் ஸ்டாண்டில் போனை மாட்டி, சின்ன வெங்காயம் உரிப்பதை எடுத்து, பிடிக்காமல் அழித்து, மறுபடி உரித்து எடுத்தாய். கண்ணில் நீர் வழிய வழிய எடுத்தாய். ஒருவரும் வாங்காத வாரங்களில்கூட, உளுந்து உடைத்ததா முழுசா, விளக்கெண்ணெய் ஏன் சேர்க்கிறீர்கள் என்று யாரோ கேட்டால், பூச்சி வராமல் இருக்க என்று உட்கார்ந்து பதில் எழுதினாய். முதல் ஆர்டர் கோயம்புத்தூருக்குப் போனது. அந்த அட்டைப்பெட்டியில் பின்கோடு தவறாக இருந்தது. நீ குளிக்கப் போயிருந்தபோது நான் திருத்தி எழுதினேன். அது சரியாகப் போய்ச் சேர்ந்தது உன் சாமர்த்தியம் என்று நீ நினைத்துக்கொண்டாய். ஆனால் பெட்டிமேல் நம் வீட்டுப் பெயரைப் போட மட்டும் நான் விடவில்லை. பண்டம் விற்கிற வீடு என்று ஊரில் பெயர் வேண்டாம் என்றேன். சட்டப்படி முகவரி இருந்தாக வேண்டும் என்று நீ காட்டியபோது, பொடி எழுத்தில் போடு என்றேன். பொடி எழுத்தானாலும், விளம்பரத்தில் வந்த பெட்டியின் படத்தில் ரெஜினா அதைப் படித்துவிட்டாள்.

இப்போது வடகத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் ஒன்பது நாள் ஆனது.

எனக்கு வடகம் செய்யத் தெரியாது. ஒருமுறைகூடச் செய்ததில்லை. உனக்கு இது தெரியும், வித்யாவுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. உன் அப்பா டிராயிங் மாஸ்டராக முதல் வேலைக்குப் பூம்புகார் பக்கம் போனபோது, அங்கே மெஸ் நடத்திய ஒருவரிடம் கற்று, பக்குவத்தை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். கோடை விடுமுறை விட்டதும் மாடியில் உட்கார்ந்துவிடுவார். வெங்காயமும் பூண்டும் இடித்துப் பிசைந்து, காலையில் உதிர்த்துப் பரப்பி, சாயங்காலம் திரும்ப உருட்டி, மறுநாள் மறுபடி உதிர்த்து, பத்துப் பதினைந்து நாள் அதே வேலை. கை முழுக்க மஞ்சளும் வாசமும். நான் ஆபீசில் பெண் போஸ்ட்மாஸ்டர். வீட்டில் புருஷன் வடகம் உருட்டுகிறார் என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும் என்பதுதான் எனக்கு. பக்கத்து மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். அதனால் அவருக்கு முன்னால் கொடியில் இரண்டு புடவையைப் போட்டு மறைப்பேன். காயப்போடப் புடவை இல்லாத நாளில், மடித்து வைத்ததை எடுத்து நனைத்துப் போட்டிருக்கிறேன். அவர் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. வெயில் மறைக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போடேன் என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

பிறகு அந்த உருண்டைகளை டப்பாவில் போட்டு என் தங்கைக்கும் ரெஜினாவுக்கும் உறவுக்காரர்களுக்கும் நான் கொடுப்பேன். உன் கைப்பக்குவம் யாருக்கு வரும் என்பார்கள். முதல் தடவை மறுக்கவில்லை. இரண்டாம் தடவை, வெங்காயம் நல்லதாகக் கிடைத்தது என்றேன். அதற்குப் பிறகு பக்குவமே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டேன், அவர் சொல்லக் கேட்டதை. கல்யாண வீடுகளில் அவர் பக்கத்தில் நின்றுகொண்டே கேட்டிருக்கிறார். சிரித்துக்கொண்டே பாயசத்தைக் குடிப்பார். கன்னியாஸ்திரீகளிடம் பதினோரு வருடம் படித்தவள் நான். பிறர் பொருளை எடுக்காதே என்று தினமும் காலையில் நின்று சொன்னவள். வடகம் ஒரு பொருள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே நீ முதலில் உண்மையைத்தான் எழுதினாய். என் பொய் உனக்கு முன்னால் ஊர் முழுக்கப் போய் உட்கார்ந்திருந்தது. உண்மைக்கு உட்கார இடமில்லை. நீ என் பொய்யை எடுத்து அதற்கு ஒரு மாலை போட்டாய். நீ செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவர்கள் உனக்காக அழுதார்கள். அதை நீ அவர்களிடமிருந்து திருடினாய். அதற்கு என் தவறு சமாதானம் ஆகாது. ஆனால் கூண்டில் உன்னைத் தனியாக நிறுத்த எனக்கு அருகதை இல்லை.

வித்யா தினமும் எனக்குப் போன் செய்கிறாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் பேசச் சொல்லி நச்சரிக்கிறேன். பக்கத்தை மூடிவிட்டாயாம். காய்ந்த வடகமெல்லாம் இங்கே மாடி அறையில் அப்படியே இருக்கிறது. திங்கட்கிழமை தஞ்சாவூரில் ஒரு ஏஜென்டைப் பார்க்கப் போகிறாயாம். டிரைவர் வேலையானாலும் பரவாயில்லை, வெளிநாடு போனால் போதும் என்று சொன்னாயாம். "அம்மா மொகத்துல முழிக்க முடியலைங்கறாங்கத்தே," என்றாள். டிரைவர் வேலை கேவலம் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்ன காலம் போய்விட்டது. ஆனால் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து உன் கையால் எழுப்பிய ஒன்றை, என் முகத்தைப் பார்க்கப் பயந்து விட்டுவிட்டுப் போகாதே. வேறு எந்தக் காரணத்துக்காகப் போனாலும் நான் தடுக்கவில்லை.

மூடியதைத் திற. இந்தக் கடிதத்தை அப்படியே அதில் போடு. ஒரு வரியைக்கூட வெட்டாதே. வெட்டுகிற கை உனக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாள் சாகவில்லை, திருப்பனந்தாளில் உட்கார்ந்து எழுதுகிறாள், அவளுக்கு வடகம் செய்யத் தெரியாது என்று வாங்கியவர்கள் தெரிந்துகொள்ளட்டும். வேண்டாம் என்பவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடு. திட்டுவார்கள். திட்டை வாங்கிக்கொள். சேலத்துப் பெண்ணுக்கு நீயே தனியாக எழுது. முகவரி பொய்யென்றால் கடிதம் எத்தனை ஊர் சுற்றினாலும் அனுப்பியவனிடமே திரும்பி வரும். இதைத்தான் முப்பத்தாறு வருடம் தினமும் பார்த்தேன். என் தங்கையிடம் நானே பேசிவிட்டேன். "அத்தானா?" என்றாள். "அப்ப அந்தப் பூண்டு விஷயம்கூட அத்தான் சொன்னதா?" ஆமாம் என்றேன். ரெஜினாவுக்கு இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றைத் தபாலில் சேர்த்துவிட்டேன். அவள் போனில் அழுதால் எனக்குத் தாங்காது.

அப்பாவின் படம் வேண்டும் என்பாய். அவர் வடகம் உருட்டுகிற மாதிரி ஒரு படமாவது இருக்கிறதா என்று நேற்று பீரோ முழுக்கத் தேடினேன். எப்படி இருக்கும்? நான்தான் புடவை போட்டு மறைத்தேனே. ஆனால் நீ மேசைமேல் விட்டுப்போன அவருடைய பக்குவ நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் அவர் வரைந்தது இருக்கிறது. ஒரு கொடி. இரண்டு புடவை, கரையில் இருக்கிற மாங்காய் வரைக்கும் என் புடவைதான். புடவைக்குக் கீழே ஒரு தாம்பாளத்தின் விளிம்பும், சம்மணமிட்ட இரண்டு முழங்காலும். ஆள் இல்லை. பெயர் எழுதவில்லை. என்றைக்கு வரைந்தார் என்றும் இல்லை. நீ அந்தப் பக்கத்தை முன்பே பார்த்திருப்பாய்; பார்த்துவிட்டு என்னிடம் காட்டாமல் இருந்திருப்பாய். அந்த ஒன்றில் நீ அவர் பிள்ளை. அதைப் படமாகப் போடு. விளக்கு வேண்டாம். குழல் வேண்டாம். நீ எழுதிய வாசகம் இருக்கட்டும், அம்மா இருக்கிற இடத்தில் மட்டும் அப்பாவை வை. வீட்டுப் பெயரைப் பெரிய எழுத்தில் போடு.

ரெஜினா கொண்டு வந்த மாலை அவர் படத்தில் காய்ந்து கருகிவிட்டது. இன்னும் எடுக்கவில்லை. நீ வந்து எடு. எனக்கு அந்த ஆணி எட்டாது. கோபம் மீதி இருந்தால் வந்து சண்டை போடு. நானும் இன்னும் முழுக்க முடிக்கவில்லை. திங்கட்கிழமை அந்த ஏஜென்டைப் பார்த்துத்தான் ஆவேன் என்றாலும் வந்துவிட்டுப் போ. ஆனால் போகும்போது வாசல்படியில் நின்று, என் முகத்தைப் பார்த்து, போய்ட்டு வரேம்மா என்று சொல்லிவிட்டுப் போ. சொல்லாமல் போவதற்கு இங்கே யாரும் சாகவில்லை.

உயிரோடிருக்கும்
அம்மா